ஆய்வேட்டில் மேற்கோளும் சான்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வேடுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். தமிழ், வரலாறு, மொழியியல் படிக்கும் ஆய்வாளர்கள்தான் அதிகம் வருவார்கள். இயல்கள் நன்றாக இருக்கும், உழைப்பும் தெரியும். சான்று காட்டும் இடத்தில்தான் தடுமாறுவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சான்று காட்டுவது எதற்காக? திருடவில்லை என்று நிரூபிக்கவா?

அது ஒரு பயன்தான், ஆனால் முதல் பயன் அல்ல. நீங்கள் பார்த்ததை உங்கள் வாசகரும் போய்ப் பார்க்க வழி சொல்வதுதான் சான்று. நூலகத்தில் எந்த நூலை எடுத்து எந்தப் பக்கத்தைத் திறந்தால் அந்த வரி கிடைக்கும் என்று அது சொல்ல வேண்டும். வாசகர் போய்ச் சேர்ந்துவிட்டால் சான்று சரி. வழியில் நின்றுவிட்டால், காற்புள்ளி அரைப்புள்ளி எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் அது தவறான சான்றுதான்.

இதை மேல்நாட்டுப் பழக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவிலேயே ‘முப்பஃது என்ப’ என்று வருகிறது. ‘என்மனார் புலவர்’ என்பது நூல் முழுக்க வருகிறது. தனக்கு முன் சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்த ஆசிரியர் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முத்தொள்ளாயிரம் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்களில் பெரும்பாலானவை புறத்திரட்டு என்ற தொகுப்பு வழியாக வந்தவை. அதைத் தொகுத்தவர் பாடலோடு நூலின் பெயரையும் எழுதி வைத்ததால்தான் ‘இது முத்தொள்ளாயிரம்’ என்று நம்மால் சொல்ல முடிகிறது. மாறாக, யாப்பிலக்கண உரையான யாப்பருங்கல விருத்தியில் எடுத்துக்காட்டாக வரும் பாடல்கள் பலவற்றுக்கு நூற்பெயர் இல்லை. அழகான பாடல்கள். எந்த நூலைச் சேர்ந்தவை, பாடியவர் யார் என்பது தெரியாமல் நிற்கின்றன. உரையாசிரியர் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், அதனால் எழுதாமல் விட்டிருக்கலாம். நம் ஆய்வேட்டிலும் ‘இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே’ என்று விடும்போது எனக்கு அந்தப் பாடல்கள்தான் நினைவுக்கு வரும்.

மேற்கோள், சான்றெண், அடிக்குறிப்பு, துணைநூற் பட்டியல் – எல்லாம் ஒன்றா?

இல்லை. பிறர் சொன்னதை நீங்கள் எடுத்தாள்வது மேற்கோள். அந்த இடத்தில் போடும் சிறிய எண் சான்றெண். எண்ணுக்கு உரிய விவரம் அதே பக்கத்தின் அடியில் வந்தால் அடிக்குறிப்பு. இயலின் முடிவில் மொத்தமாக வந்தால் அதைச் ‘சான்றெண் விளக்கம்’ என்கிறோம். ஆய்வேட்டின் கடைசியில் அகர வரிசையில் வருவது துணைநூற் பட்டியல். எண் போடாமல், எழுதும் இடத்திலேயே அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் கொடுக்கும் முறையும் உண்டு. ஆய்வேட்டுக்குள் சுட்டிய ஒவ்வொன்றும் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இருக்கும் நூலுக்கு ஆய்வேட்டுக்குள் ஓரிடமாவது இருப்பது நல்லது. படிக்காத நூல்களைச் சேர்த்துப் பட்டியலை நீட்டுபவர்களைப் புறத்தேர்வாளர் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்.

எதற்கெல்லாம் சான்று வேண்டும்?

பிறருடைய சொற்கள், கருத்து, கணக்கு, படம், மொழிபெயர்ப்பு இவை எல்லாவற்றுக்கும் வேண்டும். சொற்களை மாற்றி உங்கள் நடையில் எழுதினாலும் கருத்து அவருடையதுதான், ஆகவே சான்று வேண்டும். திருக்குறளில் 1330 குறள்கள் உள்ளன என்பதற்கு வேண்டாம். வள்ளுவர் இன்ன நூற்றாண்டு என்று எழுதினால் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

சான்று எழுத ஏன் இத்தனை நடைகள்? ஒன்றே போதாதா?

ஒவ்வொரு துறையும் எதை முதலில் பார்க்க விரும்புகிறதோ அதற்கேற்ப நடை அமைந்திருக்கிறது. இது புரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்யும் சுமை பாதி குறைந்துவிடும்.

அடைப்புக்குறிக்குள் ஆசிரியரையும் ஆண்டையும் போடும் வழக்கத்தை, ஹார்வர்டு பல்கலைக்கழக விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-இல் எழுதிய ஒரு கட்டுரையோடு தொடர்புபடுத்துவார்கள். ஓடில்லாத தோட்ட நத்தையைப் பற்றிய கட்டுரை அது. ‘ஹார்வர்டு நடை’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். அறிவியலில் ஒரு முடிவு எந்த ஆண்டில் சொல்லப்பட்டது என்பது முக்கியம், பத்தாண்டுக்கு முந்தையது பழையதாகியிருக்கலாம். அதனால் ஆண்டு முன்னால் வருகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ நடையும் இந்த வழியில் வந்ததே. 1929-இல் ஓர் இதழில் ஏழு பக்கக் கட்டுரையாகத் தொடங்கியது, 2019-இல் அதன் ஏழாம் பதிப்பு வந்தது.

இலக்கியத்தில் ஆண்டைவிட வரி முக்கியம். அதனால் நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ நடையில், எழுதும் இடத்தில் ஆண்டு வராது. ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் மட்டும் வரும். வரலாற்றாய்வாளருக்கு ஆவணங்கள், கடிதங்கள், கல்வெட்டுகள் வேண்டும். அவற்றின் விவரத்தை அடைப்புக்குறிக்குள் அடக்க முடியாது, அடிக்குறிப்புதான் வசதி. 1906-இல் முதலில் வந்த சிகாகோ கையேடு அவர்களுக்கு உகந்தது. சிகாகோவில் ஆசிரியர்-ஆண்டு முறை ஒன்றும் தனியே உண்டு என்பதால், ‘சிகாகோ’ என்று நெறியாளர் சொன்னால் எந்த சிகாகோ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடி வகுத்த எண்முறை வான்கூவர் நடை ஆனது. பொறியியலில் மின், மின்னணுப் பொறியாளர் கழகத்தின் ஐட்ரிபிள்ஈ நடை, அதில் சதுர அடைப்புக்குள் எண் வரும்.

ஒரே நூலை வெவ்வேறு நடையில் எழுதிக் காட்ட முடியுமா?

மு. வரதராசனின் தமிழ் இலக்கிய வரலாற்றை எடுத்துக்கொள்வோம். சாகித்திய அகாதெமி 1972-இல் வெளியிட்டது. பக்கம் 45 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏபிஏ பட்டியலில்: வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி.
எழுதும் இடத்தில்: (வரதராசன், 1972, ப. 45)

எம்எல்ஏ பட்டியலில்: வரதராசன், மு. தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி, 1972.
எழுதும் இடத்தில்: (வரதராசன் 45)

சிகாகோ அடிக்குறிப்பில்: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு (புதுதில்லி: சாகித்திய அகாதெமி, 1972), 45.

ஐட்ரிபிள்ஈ: [1] மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு. புதுதில்லி: சாகித்திய அகாதெமி, 1972.

ஏபிஏ ஏழாம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊரை எழுத வேண்டாம். 2024-இல் வந்த சிகாகோ 18-ஆம் பதிப்பும் 1900-க்குப் பிந்தைய நூல்களுக்கு ஊர் தேவையில்லை என்கிறது. தமிழ் நூல்களுக்கு ஊரை வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. ஒரே பெயரில் சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பதிப்பகங்கள் இருந்திருக்கின்றன. நடை கண்டிப்பாக மறுத்தால் மட்டும் விடுங்கள்.

ஆங்கிலத்தில் நூற்பெயரைச் சாய்வெழுத்தில் போடுவார்கள். தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்து படிக்கச் சிரமமாக இருக்கும். ஒற்றை மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ போடலாமா என்று துறையில் கேட்டு, எதைச் சொல்கிறார்களோ அதைக் கடைசி வரை கடைப்பிடியுங்கள்.

சரி, நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டு விதிகளைப் பாருங்கள். கட்டுரை என்றால் இதழின் வழிகாட்டியைப் பாருங்கள். அங்கே சொல்லியிருந்தால் பேச்சு முடிந்தது, உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. சொல்லாவிட்டால் நெறியாளரிடம் கேளுங்கள். அவரும் ‘உன் விருப்பம்’ என்றால், உங்கள் துறையில் நீங்கள் மதிக்கும் இதழ் எதைப் பின்பற்றுகிறதோ அதை எடுங்கள்.

பழைய இலக்கியம், பதிப்பு வரலாறு, கல்வெட்டு என்று வேலை செய்பவர்களுக்கு நான் அடிக்குறிப்பு முறையைத்தான் சொல்வேன். ஒரு வரிக்குப் பாடவேறுபாடு இருக்கும். ‘இந்தப் பதிப்பில் இப்படி, அந்த உரையில் அப்படி’ என்று இரண்டு வாக்கியம் எழுத இடம் வேண்டும். அடைப்புக்குறி முறையில் அந்த இடம் இல்லை. சமூக மொழியியல், கல்வியியல், இதழியல் படிப்பவர்களுக்கு ஏபிஏ நன்றாகப் பொருந்தும்.

எதை எடுத்தாலும் பாதியில் மாற்றாதீர்கள். முதல் இயலில் எம்எல்ஏ, மூன்றாம் இயலில் ஏபிஏ என்று கலந்து வந்த ஆய்வேட்டைப் பிரித்துச் சரிசெய்வதுதான் நான் பார்த்ததிலேயே அதிக நாள் தின்ற வேலை.

நமக்குக் குடும்பப் பெயரே இல்லையே, தலைப்பெழுத்தை என்ன செய்வது?

மேல்நாட்டு நடைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மில் பலருக்கு இருப்பது சொந்தப் பெயரும், ஊர் அல்லது தந்தை பெயரின் முதல் எழுத்தும்தான். ஆகவே சொந்தப் பெயரை முன்னால் எழுதி, தலைப்பெழுத்தைப் பின்னால் போடுங்கள்: சாமிநாதையர், உ. வே. உத்தமதானபுரம் என்ற ஊரும், வேங்கடசுப்பையர் என்ற தந்தை பெயரும் பின்னால் போய்விடும்.

தந்தை பெயர் முழுதாக வரும்போது கவனம் வேண்டும். ஐராவதம் மகாதேவனில் ‘ஐராவதம்’ தந்தை பெயர். பட்டியலில் ‘மகாதேவன், ஐராவதம்’. இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் அப்படித்தான், சுப்பிரமணியன் என்பது தந்தை பெயர். உலகம் ‘சந்திரசேகர் வரம்பு’ என்று சொல்வது அவருடைய சொந்தப் பெயரைத்தான். ஆனால் தந்தை பெயரைக் கடைசியில் எழுதுபவர்களும் இன்று நிறைய இருக்கிறார்கள், குறிப்பாகக் கடவுச்சீட்டுக்காக. அவர்களை அவர்களே தங்கள் கட்டுரைகளில் எப்படிச் சுட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

நீலகண்ட சாஸ்திரியை ‘சாஸ்திரி’ என்று தனியே வெட்டாதீர்கள். ‘நீலகண்ட சாஸ்திரி, கே. ஏ.’ என்பதே சரி. புனைபெயரைப் பிரிக்கவே வேண்டாம். நூலின் அட்டையில் புதுமைப்பித்தன் என்று இருந்தால் பட்டியலிலும் புதுமைப்பித்தன், சொ. விருத்தாசலம் அல்ல. வையாபுரிப்பிள்ளையின் தலைப்பெழுத்து ‘எஸ்.’ என்றும் ‘ச.’ என்றும் நூலுக்கு நூல் மாறும். பட்டியலில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருவரே இருவராகத் தெரிவார்.

நான் பார்த்தது ஒரு பதிப்பு, நெறியாளரிடம் இருப்பது வேறு பதிப்பு. பக்க எண் ஒத்துவரவில்லையே?

ஒத்துவராது. நீங்கள் கையில் வைத்திருந்த படியைத்தான் சுட்ட வேண்டும். பாரதியார் பாடல்களின் உரிமையை அரசு 1949-இல் எடுத்துக்கொண்டது. அதன்பின் எத்தனையோ பதிப்பகங்கள் அவற்றை அச்சிட்டுவிட்டன. நாட்டுடைமையான எழுத்தாளர்கள் எல்லாருக்கும் இதே நிலைதான். ‘பாரதியார் கவிதைகள், ப. 112’ என்று மட்டும் எழுதினால் அந்த 112 யாருக்கும் உதவாது. பதிப்பகம், பதிப்பு எண், ஆண்டு மூன்றும் வேண்டும். மறுபதிப்பைப் பார்த்திருந்தால் முதற்பதிப்பின் ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் 1894-இல் உ.வே.சா. பதிப்பித்த புறநானூறு, வாசகர் கண்ணுக்கு இந்த நூற்றாண்டு நூலாகத் தெரியும்.

ஒரு முறை நானே இதில் மாட்டிக்கொண்டேன். மாணவனாக இருந்தபோது ஒரு நூலகத்தில் ஒரு வரியை நோட்டில் எழுதி, பக்க எண்ணையும் குறித்துக்கொண்டேன். பதிப்பைக் குறிக்கவில்லை. ஆய்வேடு கொடுக்கும் நேரத்தில் அந்த நூலகத்தில் அந்தப் படி இல்லை. வேறு மூன்று பதிப்புகளைப் புரட்டியும் அந்தப் பக்கத்தில் அந்த வரி இல்லை. ஒரு வரிக்காக இரண்டு மாதம் போயிற்று. அதிலிருந்து நூலை எடுத்ததும் முதல் வேலையாகத் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படம் எடுத்துவிடுகிறேன்.

சங்கப் பாடல், குறள், கல்வெட்டு – இவற்றுக்கும் பக்க எண்ணா?

வேண்டாம். இவற்றுக்குப் பதிப்பு மாறினாலும் மாறாத முகவரி இருக்கிறது. ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்றால் (புறநா. 192:1), அதாவது பாடல் எண், அடி எண். பத்துப்பாட்டுக்கு அடி எண் மட்டும் போதும். சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும். பட்டியலில் எந்தப் பதிப்பு என்பதை ஒரு முறை கொடுத்துவிடுங்கள்.

குறள் எண்ணும் ஓர் உரையைச் சார்ந்ததுதான். நாம் பழகியிருப்பது பரிமேலழகர் வைப்புமுறை. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்களின் வரிசை மாறும். தொல்காப்பிய நூற்பா எண்களும் இளம்பூரணருக்கும் நச்சினார்க்கினியருக்கும் வேறுபடும். ஆகவே ‘தொல். பொருள். 50’ என்று மட்டும் எழுதாமல் எந்த உரை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கல்வெட்டுக்குத் தொகுதி எண்ணும் கல்வெட்டு எண்ணும் முக்கியம்: தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி இன்னது, எண் இன்னது. ஊரையும் கோயிலையும் சேர்த்தால் நேரில் போய்ப் பார்க்க விரும்புபவருக்கு உதவும்.

நூலில் திருவள்ளுவர் ஆண்டுதான் போட்டிருக்கிறது. மாற்றலாமா?

31-ஐக் கழித்தால் பொது ஆண்டு வரும். திருவள்ளுவர் ஆண்டு 2040 என்றால் 2009. நூலில் உள்ளதை அப்படியே எழுதி, பொது ஆண்டைச் சதுர அடைப்புக்குள் கொடுங்கள். அந்த அடைப்பு ‘இது நான் சேர்த்தது’ என்று சொல்லும். ‘ஜய வருஷம்’ போன்ற பழைய குறிப்புகளில் இன்னும் கவனம் தேவை. அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பும். 1894, 1954, 2014 மூன்றிலும் சித்திரையில் பிறந்தது ஜய ஆண்டுதான். தாளையும் அச்சையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இணையத்தில் படித்ததை எப்படிச் சுட்டுவது?

ஆசிரியர், தலைப்பு, தளம், முகவரி, பார்த்த நாள். டிஓஐ எண் இருந்தால் அதுவே போதும். 10 என்று தொடங்கும் அந்த எண், இதழ் தன் தளத்தை மாற்றினாலும் கட்டுரைக்குக் கொண்டுபோய்விடும். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலோ இலங்கையின் நூலகம் தளத்திலோ வருடிய நூலைப் படித்திருந்தால், அது அச்சு நூலின் படம். அச்சு விவரத்தையே முதலில் கொடுத்து, பிறகு தளத்தைச் சொல்லுங்கள். மதுரைத் திட்டத்தில் இருப்பது தட்டச்சு செய்த பாடம். தேடுவதற்கு அதைப்போல் வசதி வேறில்லை, ஆனால் மேற்கோள் எடுக்கும் முன் அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டுவிடுங்கள்.

மூலத்தைப் பார்க்கவில்லை. வேறொருவர் எடுத்துக்காட்டியதிலிருந்து எடுக்கலாமா?

மூலம் கிடைக்கவே இல்லையென்றால் எடுக்கலாம். அப்போது ‘இன்னார் நூலில் எடுத்தாளப்பட்டது’ என்று சொல்லிவிட வேண்டும். மூலத்தையே பார்த்ததுபோல் எழுதுவதுதான் தவறு.

யாரும் மூலத்தைப் பார்க்காத சான்று எவ்வளவு தூரம் போய்விடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஒரு பெரிய பதிப்பு நிறுவனம் தன் இதழ்களின் வழிகாட்டியில், சான்று எழுதும் முறையைக் காட்ட ஒரு கட்டுரையின் பெயரைக் கற்பனையாக எழுதியிருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்பது அதன் தலைப்பு, ஆண்டு 2000. அப்படி ஒரு கட்டுரை கிடையாது, அந்த இதழும் கிடையாது. ஆனால் ஏறத்தாழ 400 ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலில் அது இடம்பெற்றுவிட்டது என்பதை 2017-இல் வெளியே கொண்டுவந்தார்கள். மாதிரிப் பக்கத்தின் மேல் எழுதத் தொடங்கியவர்கள் அந்த வரியை நீக்க மறந்ததே பெரும்பாலும் காரணம் என்றார்கள். இணை ஆசிரியர், எழுத்தாளர், நெறியாளர் என்று எத்தனையோ கண்கள் தாண்டி அது போயிருக்கிறது.

மென்பொருள் இருக்கிறதே, செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டதே?

நூல் விவரங்களைச் சேர்த்து வைக்கும் சோட்டேரோ மென்பொருளைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். இலவசம், ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கியது. விவரத்தை ஒரு முறை சரியாகப் போட்டுவிட்டால் எந்த நடைக்கும் மாற்றித் தரும். ‘சரியாகப் போட்டுவிட்டால்’ என்பதுதான் முக்கியம். இணையத்திலிருந்து தானாக இறக்கும்போது சொந்தப் பெயரும் தலைப்பெழுத்தும் இடம் மாறி வரும், ஒவ்வொன்றையும் பாருங்கள்.

அகர வரிசையையும் கண்ணால் சரிபாருங்கள். ஒருங்குறியில் ‘ன’வுக்கு ‘ந’வுக்கு அடுத்த இடம். அந்த எண் வரிசையையே பின்பற்றும் மென்பொருள் கனகசபையைக் கமலாவுக்கு முன்னால் போட்டுவிடும். நம் வரிசையில் ‘ன’ கடைசி எழுத்து, கமலாதான் முதலில் வர வேண்டும்.

செயற்கை நுண்ணறிவிடம் சான்று கேட்காதீர்கள். இல்லாத நூலுக்கு ஆசிரியர், ஆண்டு, பக்கம் எல்லாம் நம்பும்படி எழுதித் தரும். 2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அப்படிக் கிடைத்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

பிறர் எழுத்தோடு எத்தனை விழுக்காடு ஒத்திருந்தால் தப்பு?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால், திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவு ரத்து. உரிய சான்றோடு தந்த மேற்கோள்களும் துணைநூற் பட்டியலும் கணக்கில் வராது.

ஆனால் 9 விழுக்காடு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்க முடியாது. மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடும். ஒருவருடைய கருத்தைச் சொல் மாற்றி எழுதி, பெயரை விட்டுவிட்டால் அதற்குத் தெரியாது. அச்சில் மட்டும் இருக்கும் பழைய தமிழ் நூல் அதன் கைக்கு எட்டவே எட்டாது. அதைப் படித்தவர் ஒருவர் வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்திருப்பார்.

ஆய்வேடு கொடுக்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. முப்பது மேற்கோள்களுக்குப் பக்க எண் இல்லை. என்ன செய்ய?

மாதா மாதம் யாராவது ஒருவர் இதோடு வருவார், பதற வேண்டாம். முப்பதையும் ஒரு தாளில் எழுதி, நூல்வாரியாகப் பிரியுங்கள். முப்பது மேற்கோள் என்பது பெரும்பாலும் எட்டு, பத்து நூலுக்குள் அடங்கிவிடும். வருடிய வடிவில் இணையத்தில் கிடைப்பவற்றை முதல் இரண்டு நாளில் முடியுங்கள். அப்புறம் நூலகத்துக்கு ஒரே பயணமாகப் போங்கள். சென்னையில் இருந்தால் கன்னிமாரா, அங்கே இல்லாததற்கு ரோஜா முத்தையா நூலகம். போகும் முன் பட்டியலை அனுப்பி, எவை இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டால் நாள் மிச்சம். முதல் வாரத்தின் முடிவில் கிடைக்காமல் நிற்பவை நான்கைந்து இருக்கும். அவற்றில் உங்கள் வாதத்துக்குத் தேவையில்லாததை நீக்கிவிடுங்கள். தேவையானதை வழிச்சான்று, அதாவது வேறொருவர் நூல் வழியாக எடுத்தது, என்று வெளிப்படையாக எழுதி, நெறியாளரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.